விம்மில் தமிழ்: ஈமேக்ஸ் நண்பனுக்கு ஒரு பதில்

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்திருக்கிறது என்றும், அங்கேயும் நிரல் எழுத ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பானை விட்டு அசையவில்லை என்றும் எழுதியிருந்தாய்; மகிழ்ச்சி. "இன்னுமா விம்?" என்று என் உரைத்தொகுப்பானைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு ஜவுளிக் கடைக்கான பில் போடும் மென்பொருள். நிரல் பைத்தான் மொழியில் இருந்தாலும், ரசீதில் சரக்குப் பெயர்கள் தமிழில்தான் அச்சாக வேண்டும் என்பது கடைக்காரரின் கண்டிப்பு. ஆகவே ஒரே கோப்பில் ஒரு வரி ஆங்கிலம், அடுத்த வரி தமிழ் என்று மாறி மாறித் தட்ட வேண்டியிருக்கிறது. விம்மில் இது பெரிய தொல்லை. அதில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு; எஸ்கேப் விசையை அழுத்தினால் கட்டளை நிலைக்குப் போய், ஒவ்வொரு ஆங்கில எழுத்து விசையும் ஒரு கட்டளையாகிவிடும். கணினியின் விசைப்பலகையையே தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்புக்கு மாற்றிவிட்டால், எஸ்கேப்பை அழுத்திய பிறகும் தமிழ் எழுத்துகளே வந்து விழும். கட்டளை எதுவும் வேலை செய்யாது. கர்சரை நகர்த்தும் எச், ஜே, கே, எல் விசைகள் தமிழ்99-இல் முறையே க, ப, ம, த. விம்முக்கு முன்னோடியான வீஐயை பில் ஜாய் எழுதிய காலத்தில் அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் இருந்தன; தமிழ்99-ஐ வகுத்தவர்களோ, வலக்கைக்கு எளிதில் எட்டும் அதே நடு வரிசையை நாம் அடிக்கடி எழுதும் மெய்களுக்குக் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு, இடையில் அகப்பட்டவை என் விரல்கள்.

இதற்கு விம்மிலேயே கீமேப் என்ற வழி இருக்கிறது. எந்த விசைக் கோவைக்கு எந்த எழுத்து என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அது எழுதும் நிலையில் மட்டுமே செயல்படும். எஸ்கேப் அடித்த கணமே விசைகள் பழையபடி கட்டளைகளாகிவிடும். கண்ட்ரோலையும் 6-ஐயும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். உயிர்மெய்களை ஒவ்வொன்றாகத் தட்டி நிரப்ப யாருக்குப் பொறுமை? மெய்களையும் உயிர்களையும் பெருக்கி அந்தக் கோப்பை உருவாக்க ஒரு சிறிய பைத்தான் நிரலே எழுதிவிட்டேன். ஒரு மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும் என்ற தமிழ்99 விதியும் அதில் அடக்கம். மெய்யைத் தட்டியதும் அடுத்து உயிர் வருகிறதா என்று விம் இயல்பாக 1000 மில்லிநொடி வரை காத்திருக்கும். நிறுத்தாமல் தட்டுகிறவனுக்கு அது உறைக்காது.

விம்மில் நான் இயக்கி வைத்திருக்கும் இன்னொரு அமைப்பு டெல்கம்பைன். அது இல்லாவிட்டால், 'துண்டு' என்பதற்குப் பதில் 'துண்டி' என்று விழுந்ததைத் திருத்த, எழுத்தை நீக்கும் எக்ஸ் விசையை அழுத்தும்போது 'டி' முழுவதுமாகப் போய்விடும். இருந்தால், கொக்கி மட்டும் நீங்கி 'ட' நிற்கும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது எப்போதும் இயங்கட்டும் என்பேன்.

நீ சிரிப்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. விம் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடைப்பதால் 'ணை', 'ஞௌ' போன்றவை பக்கத்து எழுத்தோடு உரசுகின்றன. 2020-இல் வந்த ஈமேக்ஸ் 27 முதல், எழுத்துருக்களைச் சரியாக இணைத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தின் துணையோடு உன் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீண்ட தமிழ் உரையைச் சரிபார்க்க நானும் ஈமேக்ஸைத் திறப்பதுண்டு. அதிலும் விம்மின் விசைகளைத் தரும் ஈவில் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டுதான்.

மற்றபடி விம்மின் அமைப்புகளை எழுதி வைக்கும் என் விம்ஆர்சி கோப்பு மிகச் சிறியது. கோடையில் இங்கே மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதால் செய்த மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் அண்டுஃபைல் அமைப்பு அதில் உண்டு. கோப்பை மூடித் திறந்தாலும் பழைய மாற்றங்களைப் பின்னோக்கி எடுக்கலாம். சேமிக்காத வரிகளை, 200 எழுத்துகளுக்கு ஒருமுறை அல்லது 4 நொடி கை ஓய்ந்ததும், விம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஸ்வாப் என்ற தற்காலிகக் கோப்பு தானாகவே காத்துக்கொள்கிறது. திரைக்கான வண்ணத் தொகுப்புகளைத் தேடுவதில் மாலைப் பொழுதுகளைத் தொலைக்கும் வயது போய்விட்டது.

2023-இல் விம்மை உருவாக்கிய பிராம் மூலனார் மறைந்த பிறகு விம் நின்றுவிடும் என்று நீ சொன்னாய். 2024 ஜனவரியில் 9.1 பதிப்பு அவர் நினைவுக்கே காணிக்கையாக வந்தது. உகாண்டாக் குழந்தைகளுக்கு உதவக் கேட்டு அவர் வைத்த வரி இன்றும் விம்மின் முதல் திரையில் இருக்கிறது.

கீமேப் கோப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். 'ங்க', 'ஞ்ச' ஆகியவற்றுக்குத் தானாகப் புள்ளி விழுவதை ஈமேக்ஸில் நீ எப்படி அமைத்தாய் என்று எழுது. என் நிரலில் அந்தப் பகுதி இன்னும் அழகாக அமையவில்லை.

அன்புடன்,
உன் கல்லூரித் தோழன்