செயலாளரின் ஆண்டறிக்கை: டொரொன்டெஸ் ஒயினைப் பயின்ற ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது ஒயின் சுவைஞர் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பல நாட்டு ஒயின்களையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்லும் பழைய வழக்கத்தை விடுத்து, அர்ஜென்டினாவின் நறுமண வெள்ளை ஒயினான டொரொன்டெஸை மட்டும் ஆண்டு முழுவதும் பயில்வது என்று கடந்த பொதுக்குழு முடிவு செய்திருந்தது. அம்முடிவு நல்ல பலன் தந்தது என்பதே என் கருத்து. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், இவ்வறிக்கை பயிற்சிக் கூட்டங்களைப் பற்றியதாகவே அமைகிறது.

முதல் கூட்டங்களில் திராட்சையின் பிறப்பைப் பற்றிப் பேசினோம். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் திராட்சையான மால்பெக் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்தது. டொரொன்டெஸ் திராட்சையோ அந்த மண்ணிலேயே தோன்றியது. ஸ்பானியர் கொண்டுவந்த அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையும் கிரியோயா சிகா என்ற கருந்திராட்சையும் இயற்கையாகக் கலந்து பிறந்ததே டொரொன்டெஸ் ரியோஹானோ என்பதை மரபணு ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. சான்ஹுவானினோ, மெண்டோசினோ என்ற வேறு இரு வகைகளும் உண்டு; ஆயினும் மணத்தில் ரியோஹானோவே முதலிடம் பெறுவதால் நம் கவனத்தை அதனோடு நிறுத்திக்கொண்டோம். மெண்டோசா, சான் ஹுவான், லா ரியோஹா மாகாணங்களிலும் இது விளைகிறது என்றாலும், பெயர் பெற்ற இடம் வடமேற்கிலுள்ள சால்டா மாகாணத்தின் கஃபயாதே ஆகும்.

உறுப்பினர்கள் மிகுதியாக விவாதித்தது உயரத்தைப் பற்றித்தான். கஃபயாதே மகரக் கோட்டிற்குச் சற்றே தெற்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், கல்சாக்கிப் பள்ளத்தாக்குகளில் அமைந்துள்ளது. அந்த அட்சரேகையில் சமவெளியில் நல்ல ஒயின் திராட்சை வளர்ப்பது கடினம். ஆனால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறைவதால், வெயில் வெப்ப நிலத்திற்குரியதாகவும் காற்று குளிர் நிலத்திற்குரியதாகவும் அமைந்த ஓர் அரிய சூழல் அங்கே உருவாகிறது. பகலில் பழம் சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவில் குளிர் இறங்கும்போது பழத்திற்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் செலவாவது மெதுவாகிறது. ஆகவே நன்கு கனிந்த பின்னரும் புளிப்பு எஞ்சி நிற்கிறது. ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவே என்பதால் பூஞ்சை நோய்கள் குறைவு. கொடிகள் பாசன நீரை நம்பியே வாழ்கின்றன.

எனினும் 'உயரம் கூடினால் ஒயினின் தரமும் கூடும்' என்று சில உறுப்பினர்கள் கருதியதைச் செயற்குழு ஏற்கவில்லை. அதே பள்ளத்தாக்குகளில் 1831இல் தொடங்கப்பட்ட கொலோமே ஒயின் நிறுவனத்திற்கு 3,111 மீட்டர் உயரத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது. ஆனால் அந்நிறுவனத்தின் டொரொன்டெஸ் தாழ்வான கஃபயாதேயின் பழத்திலிருந்தே வருகிறது. புட்டியின் மேல் அச்சிட்ட மீட்டர் கணக்கைப் பார்த்தே விலை கொடுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்று இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த ஒயினின் உண்மையான சிக்கல் கசப்பு. மல்லிகை, ரோஜா, ஆரஞ்சுத் தோல், பீச் ஆகியவற்றை நினைவூட்டும் மணத்தைத் தரும் லினலூல், ஜெரானியால் முதலிய சேர்மங்கள் பெரும்பாலும் பழத்தோலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் இருக்கின்றன. நாவில் கசப்பையும் துவர்ப்பையும் தரும் பொருள்களும் அதே தோலில்தான் இருக்கின்றன. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கிறது; அதைத் தாங்கப் பழம் தன் தோலில் இப்பொருள்களை மேலும் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் அங்குள்ள உழவர்கள் பழைய பந்தல் முறையைக் கைவிடாமல், கொத்துகளை இலை நிழலில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். மகசூலுக்காக மட்டுமே நிலைத்த பழைய முறை என்று சிலர் பந்தலைக் குறைத்துப் பேசுவதுண்டு. டொரொன்டெஸைப் பொறுத்தவரை அது அறிவார்ந்த ஏற்பாடு என்பதை இவ்வாண்டு நான் முழுமையாக உணர்ந்தேன். அறுவடை நாளைத் தேர்வதும் இதே அளவு முக்கியமானது: முந்திப் பறித்தால் எலுமிச்சைச் சாயலும் புளிப்பும் மேலோங்கும், பிந்திப் பறித்தால் மலர் மணமும் கனமும் கூடி ஒயினின் ஆல்கஹால் அளவும் மிகும். ஆகவே ஒரே தோட்டத்தைப் பல தவணைகளில் பறித்துக் கலப்போரும் உண்டு. பின்னர் மென்மையாகப் பிழிந்து, துருப்பிடிக்கா எஃகுத் தொட்டிகளில் குளிர்ந்த நிலையில் நொதிக்க வைக்கிறார்கள். மர வாசனை இம்மணத்தை எளிதில் மூடிவிடும் என்பதால் பீப்பாயைப் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள்.

சுவைப் பயிற்சியில் புதிய உறுப்பினர்கள் பலர், முகர்ந்தவுடன் இது இனிப்பான ஒயின் என்று குறித்துவிட்டு, பருகியபின் திருத்த நேர்ந்தது. மணம் இனிப்பை எதிர்பார்க்க வைத்தாலும் பெரும்பாலான டொரொன்டெஸ் இனிப்பற்றது. ஆகவே மணத்திற்கும் நாச்சுவைக்கும் தனித்தனியே குறிப்பெழுதும் படிவம் ஒன்று தயாரிக்கப்பட்டு, இப்போது எல்லாக் கூட்டங்களிலும் பயன்படுகிறது. பரிமாறும் வெப்பநிலையாக 8 முதல் 10 டிகிரி வரை ஏற்கப்பட்டது. அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடங்கிப்போகிறது, வெம்மை கூடினால் கசப்பு முன்னே வருகிறது. சால்டாவின் எம்பனாடா என்ற பூரணம் வைத்த மாவுப் பண்டத்தோடும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும் இதைப் பருகும் அந்நாட்டு வழக்கமும் கூட்டங்களில் பின்பற்றப்பட்டது.

நிறைவாக, பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். இந்த ஒயினின் மணம் இளமையில்தான் முழுமையாக இருக்கிறது. சில ஆண்டுகளில் மலர்த்தன்மை மங்கிக் கசப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாக வாங்கிச் சேமிக்கும் நமது கொள்முதல் முறை சிவப்பு ஒயின்களுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. தென் அரைக்கோளத்தில் அறுவடை ஆண்டின் முதல் மாதங்களில் நடப்பதால், புதிய ஒயின் சந்தைக்கு வந்தபின் சிறு தொகுதிகளாக வாங்குவதென்றும், அறுவடை ஆண்டு குறிப்பிடப்படாத புட்டிகளைத் தவிர்ப்பதென்றும் கொள்முதல் விதியைத் திருத்த அனுமதி வேண்டுகிறேன்.

செயலாளர்