யாழினி கேட்கும் படிப்பு

ஆர்.கே.புரம்,
புது தில்லி.

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நீயே நேரம் பார்த்து விடு, அவர்கள் கையில் கொடுக்காதே. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. மலை மந்திர் முருகன் கோயில் படியேறுவதென்றால் இருட்டின பிறகுதான்.

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். கணக்கில் அவ்வளவு மார்க் வாங்கிவிட்டு சோசியாலஜி, அதாவது சமூகவியல் கேட்கிறாள், அதனால் அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். "பி.ஏ. சோறு போடுமா?" என்கிறாராம். பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான், கோபித்துக்கொள்ளாதே.

அண்ணனை ஒருமுறை இங்கே பழைய ராஜிந்தர் நகருக்கு அழைத்துப்போக ஆசை. தெருவெல்லாம் ஐ.ஏ.எஸ். கோச்சிங் சென்டர். நம் பக்கத்துப் பையன்கள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து, கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறையில் உட்கார்ந்து, சோசியாலஜியும் ஆந்த்ரபாலஜியும் அரிச்சுவடியிலிருந்து படிக்கிறார்கள். தமிழ் இலக்கியம் எடுக்கிற மெக்கானிக்கல்காரர்களும் உண்டு. மெயின் எழுத்துத் தேர்வின் 1750 மார்க்கில் 500 விருப்பப் பாடத்துக்கு. அதுபோக பொதுத் தாள்களில் வரலாறும் அரசியல் சட்டமும் சமூகமும். பதினெட்டு வயதில் வீட்டில் வேண்டாமென்ற படிப்பைப் பிறகு காசைக் கொட்டி வாங்குகிறார்கள். ஆனால் ஐ.ஏ.எஸ். கணக்குப் போட்டு அவளை அனுப்பாதீர்கள். எழுதுகிறவர்களில் தேறுவது சொற்பம்.

நீயும் நானும் ஒரே பெஞ்சில் படித்த எகனாமிக்ஸ்தான் எனக்கு இந்த ஊரில் சோறு போடுகிறது. சர்வே கம்பெனியில் என் வேலையே கேள்விகளை எழுதுவது. அதில் என்ன இருக்கிறது என்பாய். 1999-2000இல், அரசு வீடுவீடாக நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் 55வது சுற்றில், சாப்பாட்டுச் செலவை ஒரே வீட்டில் 7 நாளுக்கும் 30 நாளுக்குமாக இரண்டு விதமாகக் கேட்டார்கள். போன வாரச் செலவு நன்றாக ஞாபகமிருக்கும். அதைச் சொன்னவர்கள் மாதக் கணக்கையும் அதற்கு ஒத்துப்போகிற மாதிரி கூட்டிச் சொல்லியிருக்கலாம். அந்தச் செலவை வைத்துத்தான் வறுமையைக் கணக்கிடுவார்கள். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆகிவிட்டது என்று அரசு அறிவித்தது. ஜனங்கள் நிஜமாகவே முன்னேறினார்களா, கேள்வி செய்த வேலையா என்று வருஷக்கணக்கில் சண்டை. பின்னால் 2015இல் பொருளாதார நோபல் வாங்கிய ஆங்கஸ் டீட்டனும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வறுமை குறைந்தது நிஜம், சொன்ன அளவுக்குக் குறையவில்லை என்று வந்தது. ரேஷனும் மானியமும் பேசும்போது எடுக்கிற எண்ணிக்கை இது. ஒரு படிவத்தின் ஒரு பக்கம் அதை அசைத்திருக்கிறது!

பெண்களிடம் கேட்பது இன்னும் கஷ்டம். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றால், மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு விறகோடு வந்து நிற்கிறவளே "சும்மாதான் இருக்கேன்" என்பாள். அதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிற பையனை அனுப்பிப் பிரயோஜனமில்லை. தோண்டிக் கேட்கத் தெரிய வேண்டும். 2019இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தி, அரை அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டபோதுதான் கணக்கு வந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்ணுக்கு நாளுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97. அண்ணனுக்கு இந்த வரியை மட்டும் உரக்கப் படித்துக் காட்டு.

இனி கசப்பான பக்கம். வெறும் பி.ஏ.வோடு என்னிடம் வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் பலர் பெரிய பெரிய தத்துவ அறிஞர்கள் பெயரைச் சொல்கிறார்கள். ஒரு அட்டவணையைக் கொடுத்து இதில் என்ன தெரிகிறது என்றால் விழிக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது வீடுவீடாகப் போகும் வேலை, தினக்கூலி மாதிரிச் சம்பளம். முதல் வருஷச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டுப் பையன்தான் ஜெயிப்பான், அதை மறைக்க மாட்டேன்.

யாழினிக்குக் கணக்கு வருகிறதே, அதை விடச் சொல்லாதே. க்யூட் நுழைவுத் தேர்வு எழுதியாயிற்று, கல்லூரி வரிசை போடுவதுதான் பாக்கி என்றாய். கூடவே புள்ளியியல் எடுக்க இடம் கொடுக்கிற கல்லூரிகளை மேலே போடு. இந்தி கொச்சையாக வந்தாலும் போதும், லீவில் களத்துக்கு நான் கூட்டிப்போகிறேன். எம்.ஏ.வுக்கு மும்பை தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது, 1936இல் தொடங்கியது. இங்கேயே டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் இருக்கிறது. பெயரில்தான் எகனாமிக்ஸ், சோசியாலஜித் துறையும் அங்கேதான். மைசூர்க்காரர் எம்.என்.சீனிவாஸ் 1959இல் ஆரம்பித்தது.

ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் நம் வீட்டில் இருக்கட்டும். ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறி ஹாஸ் காஸில் மாறினால் நேரே டெல்லிப் பல்கலைக்கழக ஸ்டேஷன். வரிசை போடுவதற்கு முன்னால் பட்டியலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அண்ணனை ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணச் சொல், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

உன்,
செல்வி