ஓவர்கிளாக் செய்த காம்போ வாங்க ஏற்ற நேரம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராசசர், மதர்போர்டு, ராம், கூலர் எல்லாவற்றையும் பொருத்தி, வேகத்தையும் கடையிலேயே கூட்டிக் கொடுக்கும் ‘ஓவர்கிளாக் காம்போ’க்கள் பண்டிகைக் காலத் தள்ளுபடிகளில் அதிகம் விற்கின்றன. வீடியோ எடிட்டிங், கேமிங், இன்ஜினீயரிங் படிப்பு என்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் பார்ப்பது தள்ளுபடி முடியும் தேதியைத்தான். அந்த பிராசசர் தலைமுறை சந்தைக்கு வந்து எத்தனை மாதம் ஆயிற்று, நம் ஊர் வெயிலில் அந்த வேகம் நிற்குமா என்ற இரண்டையும் யாரும் கேட்பதில்லை. பல ஆயிரம் ரூபாய் போடும் குடும்பங்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வேகம் கூட்டுவதால் கிடைப்பது முன்போல் இல்லை. 2011 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ5-2500கே பிராசசரின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஓரளவு நல்ல ஏர் கூலர் இருந்தால் 4.4, 4.5 வரை சுலபமாகப் போகும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லாபம். அதைச் சோதித்து, நிலைப்படுத்திக் கொடுத்த கடைக்காரருக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். இன்று அந்த மிச்சத்தைத் தயாரிப்பாளரே பிழிந்து எடுத்துவிடுகிறார். ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 6 கிகாஹெர்ட்ஸ் வரை தானாகப் போகிறது. நன்றாக ஓடும் பிராசசர்களைப் பொறுக்கிச் சோதித்து விற்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அமெரிக்காவின் சிலிகான் லாட்டரி நிறுவனம், 2021 அக்டோபரில் கடையை மூடியது. வேகம் கூட்ட இடம் குறைந்துகொண்டே போவதையும் அது ஒரு காரணமாகச் சொன்னது.

சில காம்போக்களில் வேகம் குறைந்தும் போகும். ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர், வேலை குறைவாக இருக்கும்போது ஒரு கோரை (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்றை) 4.7 கிகாஹெர்ட்ஸுக்கும் மேலே தானாக ஏற்றிக்கொள்ளும்; இதுதான் பூஸ்ட். கடைக்காரர் எல்லா கோர்களையும் 4.6-இல் பூட்டிவிட்டால் வீடியோ ரெண்டர் சற்று விரைவாக முடியும்; ஓரிரு கோர்களை நம்பி ஓடும் பழைய கேம்களும் சில டிசைன் மென்பொருள்களும் மந்தமாகும். ஆகவே ‘எவ்வளவு கிகாஹெர்ட்ஸ்?’ என்று மட்டும் கேட்காமல், ‘எல்லா கோரும் ஒரே வேகத்தில் பூட்டியதா, பூஸ்ட் அப்படியே இருக்கிறதா?’ என்று கேளுங்கள். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) போட்டிருப்பதாகச் சொன்னால் எத்தனை புள்ளி குறைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். எல்லா கோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மைனஸ் 30 போட்டால், கனமான சோதனை எல்லாம் பாஸ் ஆகும். பிறகு சும்மா பிரவுசர் திறந்திருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். லேசான சுமையில் வேகம் உச்சிக்குப் போகும்போது வோல்டேஜ் போதாமல் போவதுதான் காரணம்.

இன்னொன்று. இன்டெல்லில் பெயரில் எண்ணை அடுத்து ‘கே’ எழுத்து இல்லாத சாதாரண பிராசசர்களை வேகம் கூட்ட முடியாது. பி760 போர்டில் ‘கே’ பிராசசரே இருந்தாலும் ராம் வேகத்தைத்தான் கூட்டலாம். ஏஎம்டியில் பி650 போர்டு வேகம் கூட்ட அனுமதிக்கும், ஏ620 அனுமதிக்காது. ரைசன் 7 5800எக்ஸ்3டி பூட்டிய பிராசசர். இவற்றை வைத்து ‘ஓவர்கிளாக் காம்போ’ என்று விற்றால், ராமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலை (ராம் தயாரிப்பாளரே பதித்து வைத்த வேக செட்டிங்கை) ஆன் செய்ததைத் தவிர வேறொன்றும் நடந்திருக்காது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் மென்பொருளில்) ஒரே ஒரு தேர்வு அது. அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை.

இப்போது காலத்துக்கு வருகிறேன். புதிய தலைமுறை வந்த முதல் சில மாதங்களில் இப்படிப்பட்ட காம்போவை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2500கே வந்த அதே மாதம், 2011 ஜனவரி 31 அன்று, அதற்கான மதர்போர்டு சிப்செட்டில் சில சாட்டா போர்ட்கள் (ஹார்டு டிஸ்க் இணைக்கும் இடங்கள்) நாளடைவில் பழுதாகக்கூடும் என்று இன்டெல் அறிவித்தது. போர்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. பிராசசரும் கூலரும் மாட்டிய காம்போவில் போர்டை மட்டும் திருப்பி அனுப்புவது என்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில, போர்டு சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. எக்ஸ்போ ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசசருக்குள் ராமைக் கையாளும் பகுதிக்கும் போகும் வோல்டேஜை) அளவுக்கு மீறி ஏற்றியது முக்கியக் காரணம். பிறகு பயாஸ் அப்டேட் மூலம் 1.3 வோல்ட் என்று எல்லை வைத்தார்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் அதிக வோல்டேஜால் வந்த கிராஷ் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும், பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன. ஏற்கெனவே சேதமான பிராசசரை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட வகைகளில் பெட்டியோடு விற்ற பிராசசர்களின் 3 ஆண்டு வாரண்டியை இன்டெல் 5 ஆண்டாக நீட்டித்தது. அந்தத் தலைமுறை காம்போ, குறிப்பாகப் பழைய ஸ்டாக், இப்போது மலிவாகக் கிடைத்தால் பயாஸ் தேதியைப் பாருங்கள். 2024 செப்டம்பருக்கு முந்தைய பயாஸில் வேகம் கூட்டி, ஷோரூமில் டெமோ ஓடியது என்றால் விட்டுவிடுங்கள்.

எனவே, அறிமுகமாகி ஆறு மாதம் கழித்து வாங்குவது நல்லது. அடுத்த தலைமுறை வந்து, பழைய போர்டுகள் கடையில் தீரும் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் போர்டு போனால் மாற்றுப் போர்டு கிடைப்பதே பெரிய பாடாகிவிடும்.

ராம் விலை ஏறும் காலம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியில் டிடிஆர்5 வகை ராமின் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டை நுகர்வோர் சந்தையிலிருந்து நிறுத்தப்போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கடையில் பழைய விலைக்கு எடுத்த ராம் இருந்தால், காம்போ உண்மையிலேயே மலிவாக அமையும். அதே நாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி விலை கேட்டுக் கூட்டிப் பாருங்கள். ராம் எவ்வளவு வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் இரண்டு ஸ்டிக் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு டிடிஆர்5-இல் உதவாது. ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக்கில் 5200 என்று ஏஎம்டி சொல்லும் வேகம், நான்கு ஸ்டிக்கில் 3600-க்கு இறங்குகிறது. கடைக்காரர் 6000-இல் ஓட்டிக் கொடுத்த செட்டிங் அன்றோடு போயிற்று.

வெயிலைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. கூலர் எதுவானாலும் அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் பிராசசரை வைத்திருக்கும். ஏசி கடையில் 22 டிகிரியில் சோதித்தபோது 80 டிகிரி காட்டிய பிராசசர், வேலூரிலோ மதுரையிலோ மே மாத மதியம் 38 டிகிரி அறையில் அதே வேலையைச் செய்தால் 96-ஐத் தொடும். ரைசன் 7000 வகைகள் பெரும்பாலும் 95-இல் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வேகம் மதியம் முழுக்க இருக்காது. அதனால் சோதனை முடிவைக் கேட்கும்போது அறை வெப்பத்தையும் கேளுங்கள். ஏசி இல்லாத வீடு என்றால், ஏப்ரல், மே மாதத்தில் வாங்குவதே சிறந்தது என்பேன். குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள்ளேயே தெரிந்துவிடும். மார்கழியில் வாங்கியதன் குறை சித்திரையில்தான் வெளியே வரும்.

வாங்கிய அன்றே மதிய நேரத்தில் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசசருக்குக் கனமான வேலை கொடுக்கும் சோதனை மென்பொருள்களான சினிபெஞ்ச் 30 நிமிடம், ஓசிசிடி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இரவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று. அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் செட்டிங்கோ ராமோ சரியில்லை. ‘ஒன்றுதானே’ என்று விட்டால் விண்டோஸ் ஃபைல்கள் மெல்லக் கெடும். பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைப் பதியும் ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ பெயரில் 18 அல்லது 19 எண் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 19 என்றால் பிராசசர் பிழை செய்து தானே திருத்திக்கொண்டது. திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த வேகம் நிலையானது அல்ல.

பயாஸ் அப்டேட் செய்தாலோ, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலோ கூட்டிய வேகம் எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடலாம். சேமித்த புரொஃபைல் வேறு பயாஸ் பதிப்பில் பெரும்பாலும் ஏறாது. அதனால் மல்டிபிளையர் (வேகப் பெருக்கி எண்), விகோர் (கோர் வோல்டேஜ்), லோட்லைன் (சுமையில் வோல்டேஜ் சரியாமல் காக்கும்) அளவு, எஸ்ஓசி வோல்டேஜ், ராம் வோல்டேஜ், டைமிங் ஆகிய பயாஸ் பக்கங்களைக் கடையிலேயே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். கூரியரில் வருவதானால், ஒரு கிலோ எடையுள்ள டவர் கூலரைக் கழற்றித் தனியே அனுப்பச் சொல்லுங்கள். வழியில் குலுங்கினால் போர்டு வளைந்துவிடும். யுபிஎஸ்ஸையும் மறந்துவிடுகிறார்கள். வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். 14900கே-யின் உச்ச வரம்பே 253 வாட். கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியே எல்லாம் அணைந்துவிடும்.

வாரண்டி விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வேகம் கூட்டியதால் வந்த சேதத்துக்கு இன்டெல்லோ ஏஎம்டியோ பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. அதற்கென இன்டெல் தனியாக விற்ற பாதுகாப்புத் திட்டமும் 2021-இல் நின்றுவிட்டது. 2025-இல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் ‘கே’ பிராசசர்களுக்கு இன்டெல் கொடுத்த ‘200எஸ் பூஸ்ட்’ புரொஃபைலில் மட்டும் வாரண்டி போகாது. மற்றவற்றுக்குக் கடைதான் பொறுப்பு. பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, சீரியல் எண்ணோடு இருக்க வேண்டும். ‘ஓவர்கிளாக் செய்து விற்கப்பட்டது, இத்தனை ஆண்டு கடை வாரண்டி’ என்று எழுதியும் இருக்க வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

தனித்தனியாக வாங்கினால் ஆகும் விலைக்கும் காம்போ விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் அடுத்த உயர்ந்த பிராசசரே கிடைக்கிறது என்றால், அந்த பிராசசரைச் சாதாரண வேகத்தில் வாங்குங்கள். அந்த அளவுக்கு வராமல், ஒன்றிரண்டு ஆயிரம்தான் வித்தியாசம், செட்டிங் ஃபோட்டோவும் எழுத்து வாரண்டியும் தருகிறார்கள் என்றால் காம்போவைத் தாராளமாக எடுக்கலாம்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பணியாளர்,
திருச்சி