தேய்க்காதே, ஒற்றி எடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சோபா இருக்கையில் பழுப்பு விளிம்போடு ஒரு வளையம். கீழே கம்பளத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் திட்டு. வெறும் தண்ணீர்தானே சிந்தியது, அதற்கு ஏன் கறை என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

சிந்திய தண்ணீர் ஓரத்தில்தான் சீக்கிரம் காயும். அங்கே குறைகிற ஈரத்தை ஈடுகட்ட, நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். போகிற போக்கில் துணியில் படிந்த தூசி, முன்பு துடைத்தபோது தங்கிவிட்ட சோப்பு, குழாய்த் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் என எல்லாவற்றையும் கொண்டுபோய் விளிம்பில் சேர்த்துவிடும். தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, அழுக்கு மட்டும் நின்றுவிடுகிறது. ஆகவே, கறை உள்ள இடத்தை மட்டும் நனைத்துத் துடைத்தால் இந்த வளையம் போய் அதற்கு வெளியே இன்னும் பெரிதாக ஒன்று வந்து உட்காரும். பலரும் சலித்துக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் இருக்கையைத் தூக்கி அடியில் லேபிள் இருக்கிறதா பார். ‘டபிள்யூ’ என்று இருந்தால் தண்ணீர் படலாம். ‘எஸ்’ என்றால் கரைப்பான் (டிரை கிளீனிங்குக்குப் பயன்படும் தண்ணீரில்லாத திரவம்) மட்டும்தான், தண்ணீர் கூடாது. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் சரி. ‘எக்ஸ்’ என்றால் வாக்குவம் கிளீனரைத் தவிர எதையும் தொடவிடாதே. தொழில் தெரிந்தவரைக் கூப்பிட்டுவிடு. லேபிளே இல்லையென்றால் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி விட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு பார். ஈரமாக இருக்கும்போது எந்தத் துணியும் கருத்துத்தான் தெரியும், அதை வைத்து முடிவுக்கு வராதே.

தண்ணீர் படலாம் என்றால் இப்படிச் செய். தூசியை நன்றாக உறிஞ்சி எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் (கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்) இரண்டு பங்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கும் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்று. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பே அடுத்த கறையாகிவிடும். வளையத்துக்கு வெளியே தொடங்கி உள்நோக்கி லேசாகத் தெளி. வெள்ளைத் துண்டால் அழுத்தி ஒற்று. சாயத் துண்டு எடுத்தால் அதன் நிறம் சோபாவுக்கு இறங்கலாம். துண்டைத் தூக்கினால் தேநீர் நிறத்தில் வளைவாக ஒரு கோடு ஏறியிருக்கும். அதே பக்கத்தை மறுபடி வைக்காதே, சுத்தமான பக்கமாகத் திருப்பிப் பிடி. தேய்த்தால் நூல் பிசிறும், அது பிறகு சரியாகாது.

கோடு மங்கியதும் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை அந்த இருக்கை முழுவதும், தையல் வரை, பனி படிந்த மாதிரி ஒரே சீராகத் தெளித்து ஒற்றி எடு. எங்கும் ஒரே ஈரம் இருந்தால் நடுவில் விளிம்பு உண்டாக வழியே இல்லை. இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீ விட்டுவிடாதே அம்மா. இருக்கையை நிமிர்த்தி நிறுத்தி மின்விசிறியைப் போடு. சூடான காற்று வேண்டாம். உறையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடும் எண்ணமும் வேண்டாம். சுருங்கிவிட்டால் திரும்பப் போட முடியாது.

சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டச் சொல்வார்கள். நுரை பொங்குவதோடு சரி, ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். பிளீச்சை மட்டும் வினிகர் அருகிலேயே கொண்டுபோகாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும், மூச்சுக்கு ஆபத்து.

கம்பளத்தின் கதை வேறு. அதன் மஞ்சள் பெரும்பாலும் அடியிலிருந்து வருவது. பின்புறம் சணலாக இருந்தால், நனையும்போது அதன் நிறம் கரைந்து, மேலே காயக் காய நூல்வழியே ஏறிவரும். அதனால் மேலாகத் துடைத்துப் பயனில்லை. அதே வினிகர் கலவையை லேசாகத் தெளித்து, வெள்ளைத் துண்டுகளை நாலைந்து மடிப்பாகப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுவதும் விட்டுவிடு. மேலேறும் நிறம் துண்டில் நின்றுவிடும். விஸ்கோஸ் (பட்டுபோல மினுங்கும் செயற்கை நூல்) கம்பளமாக இருந்தால் இதைச் செய்யாதே. ஈரம் பட்டால் அந்த நூல் வலுவிழந்துவிடும்.

கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். உனக்குத் தும்மல் தொல்லை வேறு இருக்கிறது, இதில் அலட்சியம் வேண்டாம். காயும்வரை மேசைக் கால்களுக்கு அடியில் அலுமினியத் தாளை மடித்து வை. இல்லாவிட்டால் துருவோ மரச்சாயமோ இறங்கிவிடும், அது தண்ணீர்க் கறையைவிடப் பிடிவாதமானது.

எல்லாம் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. வளையம் மிச்சமிருந்தால் இன்னொரு முறை செய்யலாமா, ஆளைக் கூப்பிடலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா