"மாஸ்டர், குடிக்கலாமோ?"

புதுடெல்லி
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அம்மம்மா, தம்பி எல்லாரும் சுகம்தானே? மிளகாய்த்தூள் பார்சல் வந்து சேர்ந்தது. பக்கத்து அறைப் பிள்ளை ஒரு கரண்டி போட்டுப் பார்த்துவிட்டு ஒரு போத்தல் தண்ணீர் குடித்தாள்.

அன்றைக்கு நீங்கள் போனைப் பட்டென்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தை இடையில் வெட்ட ஏலாதே. "மூன்று வருடம் இரசாயனவியல் படித்தது மைக் பிடிக்கவோ?" என்று கேட்டீர்கள். உண்மைதான், இப்போது மைக்தான் பிடிக்கிறேன். நான் சினிமாவுக்குப் போய்விட்டேன் என்று மாமி ஊரெல்லாம் சொல்கிறாவாம். ஜாமியா பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும் இந்த ஊடகக் கல்லூரி 1982இல் தொடங்கியது, ஷாருக் கான் சேர்ந்து படித்த இடம் என்று சொல்லிவிடுங்கோ. மிச்சத்தை அவவே பார்த்துக்கொள்ளுவா.

நம் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் கழிவு எண்ணெய் கலந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று இல்லை என்றது. பின்னேரங்களில் சனம் போத்தலில் தண்ணீரோடு நம் படலைக்கு வந்து, "மாஸ்டர், குடிக்கலாமோ?" என்று கேட்டது. நீங்கள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள், மணந்து பார்ப்பீர்கள், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பீர்கள். அளக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அளந்ததை அந்தச் சனத்துக்கு விளங்கச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் பிப்பெட்டோடு நிற்கும்போதெல்லாம் அந்தப் படலைதான் எனக்கு ஞாபகம் வரும்.

இங்கும் தண்ணீர்க் கதைதான். கல்லூரியிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிலையம், யமுனைக் கரையிலிருக்கும் காளிந்தி குஞ்ச். யமுனையின் மேல் இப்போது பஞ்சு மாதிரி வெள்ளை நுரை மிதக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வடிவுதான்! சவர்க்காரத் தூளும் சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரும் ஆற்றில் கலந்து, ஓக்லா அணையில் விழுந்து அடிபடும்போது பொங்குகிறது. ஆற்றின் நீளம் 1,376 கிலோமீட்டர். வசீராபாத்திலிருந்து ஓக்லா வரையான 22 கிலோமீட்டரில்தான் அழுக்கில் பெரும்பங்கு சேருகிறது. வகுப்பில் இதை நான் தாளில்லாமல் சொன்னேன். என் இரசாயனவியல் வீண்போகவில்லை, அப்பா.

அந்த ஆற்றில் விழும் பாராபுல்லா கால்வாய்க் கரையில், ஜங்புராவில், மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்ச் சனம் இருந்த இடம். கால்வாயை அகலப்படுத்தவேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. இந்த ஜூன் 1ஆம் திகதி ஏறக்குறைய 370 வீடுகளை இடித்துவிட்டார்கள். மாற்று வீடு கிடைத்தவர்கள் நரேலாவுக்குப் போனார்கள். அது நகரத்தின் அடுத்த அந்தம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வேலையெல்லாம் இந்தப் பக்கம். படிப்புக்காக நாங்கள் எடுக்கும் படம் அவர்களைப் பற்றியது.

முதல் நாள் நரேலாவில் ஒரு அக்காவிடம், "கொஞ்சம் கதைக்கலாமோ?" என்றேன். "கேரளாவா?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் தேத்தண்ணி வந்தது. அவருடைய பிரிட்ஜ் இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சல் பதிந்தால் பிறகு வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் குதிக்கும். அதனால் பிளக்கைக் கழற்றினேன். மூன்று மணித்தியாலம் கதைத்தார். நான் கேள்விப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு, கால்வாய் நாற்றம் எந்த மாதத்தில் கூட, தண்ணீர் எந்த நிறம் என்று செய்முறைச் சோதனை மாதிரிக் கேட்டேன். அவர், "நாத்தத்த விடும்மா, அங்க பஸ்ஸு இருந்துச்சு" என்றார். பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். "பாப்பா, பிரிட்ஜை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டியே, மாவெல்லாம் பொங்கிடுச்சு!" எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அடுத்த ஞாயிறு அரிசியும் உளுந்தும் வாங்கிக்கொண்டு போனேன். வாங்க மறுத்து, அந்தப் புளித்த மாவில் சுட்ட தோசையின் கதையைச் சொல்லிச் சிரித்தார். அதைப் பதியவில்லை. கமெரா கொண்டுபோகவில்லை.

இங்கே இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பிறகு ஊருக்கு வந்து நம் கிணறுகளைப் பற்றிப் படம் எடுக்க நினைக்கிறேன். அதற்கு உங்களிடம் ஒரு உதவி. அந்தக் காலத்தைப் பற்றி அம்மம்மாவைக் கதைக்கவிட்டுப் போனில் பதிந்து அனுப்புங்கோ. அவ குசினியில் இருந்தால்தான் கதைப்பா. பிரிட்ஜை நிறுத்துங்கோ, பிறகு போட மறக்கவேண்டாம். மறக்காமலிருக்க, சைக்கிள் திறப்பைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கோ.

அன்பு மகள்