சின்னவனுக்கு ரத்தத்தைப் புரியவை

அன்பு மகள் செல்விக்கு,

சின்னவனுக்கு அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை என்றாய். ஊசியை நினைத்தே அழுகிறானாம். வலிக்காது என்று சொல்லாதே; கொஞ்சம் வலிக்கும். எதை எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்று அதற்குள் அவன் கையாலேயே தெரிந்துகொள்ளட்டும். லேபில் இருந்த காலத்தில், விவரம் புரிந்த பிள்ளைகள் தாமாகவே கையை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தட்டில் 600 கேழ்வரகு எண்ணச் சொல். சாயங்காலம் முழுக்க ஆகட்டும், பரவாயில்லை. அவை சிவப்பணுக்கள். அதில் ஒரே ஒரு ஜவ்வரிசியைப் போடு, அது வெள்ளையணு. ஒரு முப்பது ரவையைத் தூவு, அவை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள். பல செய்முறைகளில் வெள்ளையணுவைக் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதே இல்லை. நம் ரத்தத்தில் ஏறக்குறைய 600, 700 சிவப்பணுவுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றை அவனே தேடி எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கேழ்வரகு, மேலே மஞ்சள் கலந்த தண்ணீர். குலுக்கி வைத்தால் கேழ்வரகு அடியில் தங்கும். உறையாமல் ட்யூபில் நிறுத்தி வைத்த ரத்தமும் இப்படித்தான் பிரியும்: கீழே சிவப்பு, மேலே பிளாஸ்மா என்ற வெளிர்மஞ்சள் நீர்ப்பகுதி. ரத்தத்தில் அதுவே சுமார் 55 சதவீதம்.

மாப்பிள்ளை கையைத் தொங்கவிட்டால் முன்கையில் ரத்தக்குழாய் புடைக்கும். மணிக்கட்டுப் பக்கம் அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கை நோக்கி வழித்துவிடச் சின்னவனிடம் சொல். மேல் விரலை எடுத்தாலும் குழாய் வெறுமையாகவே கிடக்கும். உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் திரும்ப விடாது. கீழ் விரலை எடுத்ததும் குபுக்கென்று நிரம்பும். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628இல் ரத்த ஓட்டம் பற்றி எழுதிய புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. குழாய் நீலமாகத் தெரிகிறதே என்பான். உள்ளே இருப்பது அடர்சிவப்புதான் என்று சொல்.

விரலைக் குத்திப் பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம்.

எடுத்த ரத்தம் குறைந்துவிடுமே என்றும் கேட்பான். ஒரு சிவப்பணு வாழ்வதே சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது, ஊசியில் போனது சீக்கிரமே ஈடாகிவிடும்.

ரிப்போர்ட் வந்ததும் தட்டணு எண்ணிக்கையை அவனையே போனில் எனக்கு வாசிக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா