எல்லா இருமலும் காசநோய் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மாவுக்குக் காசநோய் குணமாகிப் பத்து வருஷம் கழித்து மறுபடி இருமல். சளியில் கிருமி தெரிந்ததும் பழைய காசநோய் மாத்திரையையே கொடுத்தார்கள். ஐந்து மாதமாகியும் இருமல் விடவில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கல்ச்சர் (சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்த பிறகுதான் அது காசநோய்க் கிருமிக்கு உறவான வேறொரு பாக்டீரியா என்று தெரிந்தது. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருப்பதுதான். பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. பழைய காசநோய்த் தழும்பு, மூச்சுக்குழாய் விரிவு, புகைப்பழக்கம், கல்தூசி என ஏதோ ஒன்றால் நைந்துபோன நுரையீரலில் எளிதாகக் குடியேறிவிடும். மைக்ராஸ்கோப்பில் காசநோய்க் கிருமியும் இதுவும் ஒரே மாதிரி தெரியும். எனவே காசநோய் வந்துபோனவர்களுக்கு மறுபடி இருமல் என்றால், கல்ச்சரையும் கிருமியின் வகை காணும் சோதனையையும் தொடக்கத்திலேயே செய்ய அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, சேலம்